அரியலூர், பெரம்பலூரில் அரைநாள் ட்ரிப்: விடியலில் கரைவெட்டி, உச்சிக்குள் சோழபுரம்... பிளான் பண்ணுவது எப்படி?

கையில் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிலும் பாதி நாள். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் அதுக்குள்ள முடியாது. ஆனால் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், பெரம்பலூர் பக்கம் இருப்பவர்கள் இந்த அரைநாளில் ஒரு பெரிய ஏரி, ஆயிரக்கணக்கான பறவைகள், ஆயிரம் ஆண்டுக் கோயில் என எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

ஆனா ஒண்ணு. போகும் மாதம் தப்பினால் ஏரியில் தண்ணீர் இருக்காது. கிளம்பும் நேரம் தப்பினால் பறவை இருக்காது. வரிசை தப்பினால் கோயில் நடை சாத்தியிருக்கும். இந்த மூன்றையும் சரியாக வைத்துக்கொண்டால் அரைநாளே தாராளம்.

சுருக்கமாகச் சொன்னால்

- முதல் இடம்: கரைவெட்டி பறவைகள் சரணாலயம், அரியலூர் மாவட்டம்
- இரண்டாவது இடம்: கங்கைகொண்ட சோழபுரம் பிரகதீஸ்வரர் கோயில்
- ஏற்ற மாதங்கள்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை
- ஏரிக்கரையில் இருக்க வேண்டிய நேரம்: சூரியன் உதிக்கும்போது
- கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம்: பகல் 11 மணிக்குள்

கரைவெட்டி ஏரிக்கு என்ன சிறப்பு?

அரியலூரில் இருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் கீழப்பழுவூர், திருமானூர் பகுதியை ஒட்டி உள்ளே போனால் கரைவெட்டி. சுமார் 454 ஹெக்டேர், அதாவது 1,100 ஏக்கருக்கு மேல் பரந்த ஏரி. 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரி இறுதியில் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரப்படும் அங்கீகாரம் இது. நீலகிரி மாவட்டம் லாங்வுட் சோலைக்காடும் அதே சமயத்தில்தான் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே 190-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. அதில் ஸ்டார் என்றால் வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். பார்த்தவுடனே அடையாளம் தெரிந்துவிடும். மங்கோலியா, திபெத், லடாக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டித் தெற்கே வருகிற பறவை. அவ்வளவு உயரத்தில் பறக்கக்கூடிய பறவைகள் உலகிலேயே சில இனங்கள்தான்.

ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், கிளுவை ஆகியவையும் வலசை வருபவை. நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கரண்டிவாயன், புள்ளிமூக்கு வாத்து, நீலத் தாழைக்கோழி எல்லாம் நம்ம ஊர்ப் பறவைகள்.

எந்த மாதம் போகலாம்? மேட்டூரைப் பார்த்துட்டுக் கிளம்புங்க

பலரும் ஏமாறுவது இங்கேதான். கரைவெட்டி, வேடிக்கை பார்ப்பதற்காக வெட்டிய ஏரி அல்ல. விவசாயத்துக்கான பாசன ஏரி. இதன் தண்ணீரை நம்பி நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம் விளைகிறது.

ஏரிக்குத் தண்ணீர் வருவது இரண்டு வழியில். ஒன்று, திருச்சி மாவட்டத்தில் காவிரியில் இருந்து பிரியும் புள்ளம்பாடி வாய்க்கால். மேட்டூர் அணையில் இருப்பு நன்றாக இருக்கும் ஆண்டுகளில் வழக்கமாக ஆகஸ்ட் மாதம் இதில் தண்ணீர் திறப்பார்கள். இரண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை.

அதனால் கணக்கு சிம்பிள். மேட்டூரும் மழையும் கைகொடுத்த ஆண்டில் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஏரி நிறைந்திருக்கும், பறவைகளும் நிறைய வரும். மேட்டூர் வறண்ட ஆண்டு என்றால், போவதற்கு முன் உள்ளூரில் விசாரித்துக்கொள்வது நல்லது. கோடையில் தண்ணீர் குறைந்து ஏரியின் பெரும்பகுதி தரை தெரியும். ஏப்ரல், மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் கிளம்பிப் போய், "ஒண்ணுமே இல்லையே" என்று திரும்புபவர்கள் உண்டு. தப்பு ஏரி மேல இல்ல, காலண்டர் மேல.

விடியலிலேயே போக வேண்டுமா?

ஆமாம். பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடுவது காலை முதல் இரண்டு, மூன்று மணி நேரம். வெயில் ஏறினால் நாணலுக்குள் ஒதுங்கிவிடும். வாத்துகள் ஏரி நடுவில் போய்விடும். தண்ணீர் மேல் வெயில் பட்டுக் கண் கூசும், படமும் சரியாக வராது.

இன்னொரு வழி மாலை 4.30 மணிக்கு மேல். இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது.

வனத்துறையின் பார்வைக் கோபுரம் இருக்கிறது. அதில் ஏறி ஒருமுறை ஏரி முழுவதையும் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் கூட்டம் இருக்கிறதோ அந்தக் கரைக்கு நடப்பது நல்லது. பைனாகுலர் கட்டாயம். ஏரி பெரியது, வெறும் கண்ணுக்கு வாத்துகள் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். செல்போன் கேமராவை நம்பிப் போக வேண்டாம்.

மணிக்கணக்கில் பிளான்

காலை 6.15: கரைவெட்டி ஏரிக்கரை. அரியலூர் அல்லது தஞ்சாவூரில் இருந்து 5.15-க்குக் கிளம்பினால் போதும். பெரம்பலூரில் இருந்து 4.45.

காலை 8.30: ஏரியை விட்டுக் கிளம்புங்கள். கீழப்பழுவூரிலோ அரியலூரிலோ டிபன். சரணாலயத்துக்குள் சாப்பாட்டுக் கடையை எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் கையில் இருக்கட்டும்.

காலை 9.15: அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாக கங்கைகொண்ட சோழபுரம் நோக்கி. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மேப்பில் குறைவாகக் காட்டினாலும் சிமெண்ட் ஆலைகளுக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் போய்வரும் லாரிகள் அதிகமுள்ள சாலைகள் இவை. டூ வீலரில் போகிறவர்கள் ஓவர்டேக் விஷயத்தில் நிதானமாக இருப்பது நல்லது.

காலை 10.45: கோயில். பகல் 12 மணி வாக்கில் நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால்தான் ஏரி முதலில், கோயில் அடுத்து. மாற்றிச் செய்தால் ஏரிக்கு வரும்போது உச்சி வெயில்.

பகல் 12.15: ஜெயங்கொண்டம் அல்லது கும்பகோணத்தில் மதியச் சாப்பாடு. ட்ரிப் முடிந்தது.

ஒன்றேகால் மணி நேரத்தில் கோயிலில் என்ன பார்ப்பது?

கங்கை வரை படை அனுப்பி வென்ற முதலாம் ராஜேந்திர சோழன், தஞ்சாவூரை விட்டு 1025-ஐ ஒட்டித் தலைநகரை மாற்றிய இடம் இது. 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

முதலில் விமானம். சுமார் 180 அடி. தஞ்சைப் பெரிய கோயிலைவிட உயரம் குறைவு. தஞ்சை விமானம் நேர்கோடாக ஏறும். இது உள்வாங்கி வளைந்து ஏறும். இரண்டையும் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே பிடிபடும்.

அடுத்து வடக்கு வாசல் படியருகே உள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தி. சிவபெருமான் தன் அடியாருக்குத் தலையில் பூமாலை சுற்றும் காட்சி. இதை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். பிறகு சரஸ்வதி சிற்பம், ஒரே கல்லில் தேர் வடிவில் செய்த நவக்கிரகம், சிங்கத்தின் உடலுக்குள் படியிறங்கும் சிங்கக் கிணறு. கருவறை லிங்கம் 13 அடி உயரம்.

சுற்றுமதில் ஏன் பாதி இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது, ஆங்கிலேய அதிகாரிகள் இந்தக் கோயிலின் மதிலையும் கட்டுமானங்களையும் பிரித்துக் கல் எடுத்துப் போனார்கள். கும்பகோணம் திரும்புபவர்கள் அந்த அணையைத் தாண்டித்தான் போவார்கள்.

நேரம் மிச்சம் இருந்தால் இன்னொரு ஏரி

கோயிலில் இருந்து சிறிது தூரத்தில் பொன்னேரி. இதன் பழைய பெயர் சோழகங்கம். கங்கை வெற்றியின் நினைவாக ராஜேந்திரன் வெட்டிய ஏரி. வென்ற அரசர்கள் கல்லில் தூண் நடுவார்கள்; இவர் தண்ணீரால் வெற்றித்தூண் எழுப்பினார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. காலப்போக்கில் கரை உடைந்து, தூர்ந்து, பல காலம் காடாகக் கிடந்த ஏரி. இதைச் சீரமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. பக்கத்திலேயே மாளிகைமேடு. சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளங்கள் அகழாய்வில் வெளிப்பட்ட இடம்.

மதியத்துக்கு மேல்தான் நேரம் கிடைக்கும் என்பவர்களுக்கு

பெரம்பலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த பிளான் பொருந்தும்.

மதியம் 1 மணிக்குக் கிளம்பி, ஆலத்தூர் தாலுகா சாத்தனூர் தேசிய கல்மரப் பூங்கா. சுமார் 12 கோடி ஆண்டுப் பழைய மரம், கல்லாக மாறி 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் இதை உலகுக்குத் தெரியப்படுத்தினார். அந்தக் காலத்தில் இந்தப் பகுதி கடல். அரியலூரில் இத்தனை சிமெண்ட் ஆலைகள் வரக் காரணமும் அதே கடல்தான். அதன் அடியில் படிந்த சுண்ணாம்புதான் இன்றைய சுண்ணாம்புக்கல்.

அடுத்து வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம். கடல்வாழ் உயிரினங்களின் படிவங்களைக் கண்ணாடிப் பெட்டியில் பிள்ளைகளுக்குக் காட்டலாம். விடுமுறை நாளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து 4.30-க்குக் கிளம்பினால் பறவைகள் திரும்பும் நேரத்துக்குக் கரைவெட்டி.

ஏரியில் தண்ணீர் இல்லாத மாதம் என்றால் கரைவெட்டிக்குப் பதிலாக கீழையூரில் பழுவேட்டரையர் காலத்து இரட்டைக் கோயிலையோ, வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயத்தையோ சேர்க்கலாம்.

எப்படிப் போவது?

ரயில்: சென்னை எழும்பூர் - திருச்சி கார்டு லைனில் அரியலூர் ஸ்டேஷன். பெரம்பலூருக்கு ரயில் நிலையம் இல்லை. அங்கிருந்து வருபவர்கள் சாலை வழிதான்.

பஸ்: கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஜெயங்கொண்டம், கும்பகோணத்தில் இருந்து பஸ் வசதி உண்டு. கரைவெட்டிக்கு விடியலில் பஸ்ஸை நம்பிப் போவது கஷ்டம். சொந்த வண்டி, அல்லது அரியலூரில் இருந்து டாக்ஸி. அரைநாள் வாடகை பேசும்போதே இரண்டு இடத்தையும் காத்திருப்பு நேரத்தையும் சொல்லிப் பேசிவிட்டால் பிறகு தகராறு வராது.

எதைச் செய்யக் கூடாது?

- ஏரிக்கரையில் பாட்டு, ஹாரன், பட்டாசு வேண்டாம். படத்துக்காகக் கல் எறிந்து பறவையைக் கிளப்புவதும் தப்பு. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு முறை எழும்பிப் பறப்பதும் சேர்த்துவைத்த சக்தியைச் செலவழிப்பதுதான்.
- வனத்துறை அனுமதி இல்லாமல் டிரோன் பறக்க விடக் கூடாது. இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் சரணாலயம்.
- பிளாஸ்டிக் கவர், பாட்டிலைக் கரையில் போட வேண்டாம். அது மதகு வழியாக வயலுக்குத்தான் போகும்.
- வயல் வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். காலை நேரம் விவசாயிகளுக்கும் வேலை நேரம்.
- சாத்தனூரில் இருந்து கல்மரத் துண்டையோ படிவத்தையோ ஞாபகார்த்தமாக எடுத்து வரக் கூடாது.

ராம்சார் பெயர்ப்பலகை வந்துவிட்டதால் மட்டும் பறவை வந்துவிடாது. வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும், ஏரி தூர்ந்து போகாமல் இருக்க வேண்டும், வருகிறவர்கள் தொந்தரவு செய்யாமல் திரும்ப வேண்டும். முதல் இரண்டும் அரசின் கையிலும் மழையின் கையிலும் இருக்கின்றன. மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை காலை பைனாகுலரோடு கிளம்புகிறவர்கள் கையில்.