மரகத முக்கோணத்துக் கலப்புப் பண்ணைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலத்தில், வடமேற்கு மலைப்பகுதியில் அடுத்தடுத்து அமைந்த ஹம்போல்ட், மெண்டோசினோ, டிரினிட்டி என்னும் மூன்று மாவட்டங்களும் சேர்ந்து ‘மரகத முக்கோணம்’ என்று வழங்கப்படும். இப்பிரதேசத்துச் சிறு விவசாயிகளுள் ஒரு சாரார், மாநிலச் சட்டத்தின் அனுமதி பெற்றுச் சிறு அளவில் கஞ்சா பயிரிடுவதோடு, அதே மண்ணையும் அதே மழைநீரையும் கொண்டு காய்கறி, கீரை, பூண்டு, பழமரம், கோழி ஆகியவற்றையும் பேணி வருகின்றனர். கஞ்சாவைத் தனிப்பயிராகக் கருதாமல், ஆகாரம் தரும் தோட்டத்தின் ஓர் உறுப்பாக அமைத்துக்கொள்ளும் இம்முறையே கலப்புப் பண்ணை எனப்படுகிறது.

வரலாறு

1960களின் இறுதியிலும் 1970களிலும் நகர வாழ்வை வெறுத்துக் கிராமம் நாடிய இளைஞர் பலர், மரம் வெட்டி முடிந்தபின் மலிவாக விற்கப்பட்ட இம்மலைநிலங்களை வாங்கிக் குடியேறினர். தமக்கு வேண்டிய உணவைத் தாமே விளைவித்துக்கொள்ளுதல் அவர்களுடைய இலட்சியம். கஞ்சா அத்தோட்டங்களில் முதலில் சொந்த உபயோகத்துக்காகவே இடம்பெற்றது. மெக்ஸிகோ நாட்டுக் கஞ்சா வயல்களின் மீது பாராகுவாட் என்னும் களைக்கொல்லி தெளிக்கப்பட்ட செய்தி 1970களின் பிற்பகுதியில் பரவவே, உள்நாட்டுச் சரக்குக்குக் கிராக்கி மிகுந்தது. ஆண் செடிகளை நீக்கி விதையில்லாத பெண் பூக்களை விளைவிக்கும் முறையும் வேரூன்றியது.

1983இல் மாநில, கூட்டரசு அதிகாரிகள் ஒன்றுகூடி ஹெலிகாப்டர்களின் துணையோடு கஞ்சா அழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். அதன் பின்னர்ப் பயிர் காட்டின் மறைவுக்குள் சென்றது. சமையலுக்குக் காய் பறிக்கும் தோட்டம் வீட்டருகிலும், பணம் தரும் செடி மர நிழலில் ஒளிந்துமாக, ஒன்றாயிருந்த விவசாயம் இரண்டாகப் பிரிந்தது. 1996இல் வாக்காளர்கள் 215ஆம் பிரேரணையை ஏற்று மருத்துவ உபயோகத்துக்கு வழிவிட்டனர்; 2016இல் 64ஆம் பிரேரணை 21 வயது நிரம்பியோரின் பொது உபயோகத்தையும் அனுமதித்தது; 2018 ஜனவரி 1 முதல் அவ்வகைச் சில்லறை விற்பனை தொடங்கியது. மறைப்பு தேவையற்றுப் போகவே, உரிமம் பெற்றவர்கள் செடியைத் திறந்த வெளிக்கும் காய்கறிப் பாத்திக்கும் மீட்டுக் கொண்டுவர இயன்றது.

செடியின் இயல்பும் பாத்தியின் ஆண்டும்

கஞ்சா ஓராண்டுப் பயிர். ஆண் பூவும் பெண் பூவும் பெரும்பாலும் வெவ்வேறு செடிகளில் தோன்றும். இரவு நீளத் தொடங்கிய பிறகே பூக்கும் இயல்புடையதாதலால், வெட்டவெளியில் நட்ட செடி ஆகஸ்டு மாதத்தில் பூத்து, செப்டம்பர் பின்பகுதி முதல் அக்டோபர் வரை அறுவடைக்கு வரும். எனவே ஒரு பாத்தியை அது ஆண்டின் நான்கைந்து மாதங்கள் மட்டுமே ஆட்கொள்கிறது. எஞ்சிய காலத்தை உணவுப்பயிருக்கும் மண்ணின் அபிவிருத்திக்கும் பயன்படுத்துவதில்தான் இப்பண்ணைகளின் திறமை விளங்குகிறது.

அறுவடை முடிந்த பாத்தியில் அக்டோபரில் பூண்டுப் பற்களை ஊன்றினால், அடுத்த கோடையின் தொடக்கத்தில் பூண்டு முற்றும். பூண்டு நடாத பாத்திகளில் அவரை, பட்டாணி முதலிய பயறு வகைகளையும் ரை என்னும் தானியப் புல்லையும் கலந்து விதைக்கின்றனர். பயறுகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்க, புல்லின் வேர்கள் மாரிக்கால மழை மலைச்சரிவின் மண்ணைக் கரைத்துச் செல்லாதபடி பற்றி நிற்கின்றன. வசந்தத்தில் அப்பசுந்தாளை அறுத்து, கோழி எருவையும் மக்கிய உரத்தையும் இட்டு, வெட்டிய தாளையே மேலே மூடாக்காகப் பரப்பிவிடுவர். முன்னதாகவே ஒழிந்த பாத்திகளில் முள்ளங்கியும் கீரையும் ஒரு போகம் எடுத்துவிட்டு, மே இறுதியிலோ ஜூனிலோ கஞ்சா நாற்றை நடுவர்.

நட்ட செடியைச் சுற்றித் திருநீற்றுப்பச்சை, சதகுப்பை, கொத்தமல்லி, செண்டுமல்லி ஆகியவை இடம்பெறும். சதகுப்பையும் கொத்தமல்லியும் பூக்கும்போது அவற்றின் தேனை நாடிவரும் சிறு குளவிகளும், அங்கே தங்கும் பொறிவண்டு முதலியனவும், அசுவினியையும் புழுக்களையும் தாக்கிச் செடியைக் காக்கின்றன. இத்துணைச் செடிகளின் தழையோ சமையலறைக்கும் சந்தைக்கும் போகிறது. கஞ்சா மண்ணிலுள்ள காட்மியம் போன்ற உலோகங்களை எளிதில் உறிஞ்சும் இயல்பினது. அதனால் மாநில விதிப்படி ஒவ்வொரு தொகுதிப் பூவும் ஆர்செனிக், காட்மியம், ஈயம், பாதரசம் ஆகிய நான்கு உலோகங்களுக்கும் 66 பூச்சிக்கொல்லிகளுக்கும் பரிசோதிக்கப்பட்ட பின்னரே கடைக்குச் செல்லும். இப்பரிசோதனைக்கு அஞ்சித் தூய்மையாக வைக்கப்படும் மண்ணிலேயே காய்கறியும் விளைவதால், அத்தூய்மையின் பயன் உண்பவருக்கும் கிடைக்கிறது.

நீரும் வனமும்

இப்பிரதேசத்தில் மழை பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையே பெய்யும். பயிருக்கு நீர் வேண்டிய கோடையோ வறண்டது. அக்காலத்தில் இங்கே ஓடும் ஈல் ஆற்றின் கிளையோடைகளில் நீர் சுருங்கும். கோஹோ சால்மன் மீன்குஞ்சுகளின் உயிர் அச்சிறு நீரையே நம்பியிருப்பது. ஆதலால் கஞ்சா சாகுபடிக்காக ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை ஓடை நீரைத் திருப்புதல் கூடாதென மாநில நீர்வளக் கழகம் விதித்துள்ளது. மாரியிலேயே குளங்களிலும் தொட்டிகளிலும் நீரைச் சேமித்துக்கொள்ளும் விவசாயி, மூடாக்கினாலும் மக்கு உரத்தினாலும் ஈரத்தைக் காத்து, அச்சேமிப்பைக் கோடை முழுவதற்கும் நிரவிக்கொள்கிறான்.

இதற்கு மாறாக, பொதுக்காடுகளில் திருட்டுத்தனமாகப் பயிரிடுவோர் வைத்த எலி நஞ்சு, ஃபிஷர் என்னும் அரிய வனவிலங்கின் உடலிற் சேர்ந்திருந்ததை 2012இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. மின்விளக்கின் கீழ் அறைக்குள் வளர்க்கும் முறையும் தீங்கற்றதன்று: இடத்துக்கேற்ப, ஒரு கிலோ உலர்பூவுக்கு 2,283 முதல் 5,184 கிலோ வரையான கரியமில வாயுவுக்கு நிகரான வெளியீடு உண்டாகிறதென 2021இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டனர். சூரிய ஒளியில் விளையும் சிறு பயிரின் சிறப்பு இவ்விரண்டோடும் ஒப்பிடுகையில் தெளிவாகும்.

சட்டமும் சந்தையும்

மாநில உரிமத்தில் ‘சிறு வெளிப்பயிர்’ என்பது அதிகபட்சம் 10,000 சதுர அடி, அதாவது சுமார் 23 சென்ட் பரப்பு. எனினும் ஒருவரே பல சிறு உரிமங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளத் தடையில்லாதபடி விதிகள் அமைந்தமையால், பெருமுதலாளிகள் விரிந்த பரப்பில் இறங்கினர். சரக்கு மிகுந்து, 2021 முதல் மொத்த விலை கடுமையாக வீழ்ந்தது. விலை எதுவாயினும் எடையின்படி வசூலிக்கப்பட்டு, தொடக்கத்தில் உலர்பூ அவுன்ஸ் ஒன்றுக்கு 9.25 டாலராயிருந்த சாகுபடி வரி, சிறு விவசாயியை நெருக்கியபின் 2022 ஜூலையில் ரத்தாயிற்று.

கூட்டரசு 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கஞ்சாவைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் முதல் அட்டவணையில் சேர்த்ததன் விளைவாக, தேசிய இயற்கை வேளாண் சான்றிதழ் இப்பயிருக்குக் கிட்டவில்லை. அக்குறையை ஈடுசெய்ய, மாநிலம் 2021இல் ‘ஓகால்’ என்னும் இணைச் சான்றைத் தொடங்கியது. ‘ஸன் அண்டு எர்த்’ என்னும் தனியார் சான்றும் மண்ணில் நேராக, இரசாயனமின்றி வளர்த்தலையும் தொழிலாளர் நலத்தையும் நிபந்தனையாக்குகிறது. ஆயினும், தக்காளியையும் பூண்டையும் உழவர் சந்தையில் தன் கையாலேயே விற்கும் விவசாயி, பக்கத்துப் பாத்தியில் விளைந்த கஞ்சாவை அங்கே விற்க இயலாது. அது பரிசோதனைக்கூடம், உரிமம் பெற்ற விநியோகஸ்தர், கடை ஆகிய படிகளைக் கடந்தே செல்ல வேண்டும். வயலில் ஒன்றுகூடிய இரு பயிர்களும் சந்தையில் இன்னும் பிரிந்தே நிற்கின்றன.

மதிப்பீடு

கஞ்சா போதைப்பொருளாதலின் அதன் உபயோகம் பற்றிய எச்சரிக்கைகள் யாவும் இப்பண்ணைகளுக்கும் பொருந்தும். விவசாய முறை என்ற அளவில் நோக்குமிடத்து, இங்கே கற்கத்தக்கது ஒன்றுண்டு. விலையுயர்ந்த பயிர் மண்ணைப் பேணுவதற்கான பொருளைத் தந்தது. உணவுப்பயிரோ, அவ்விலை வீழ்ந்தபோதும் குடும்பத்தின் உணவுக்கும் வாரச் சந்தை வருவாய்க்கும் ஆதாரமாயிற்று. சிறு விவசாயி தன் விளைவு முழுவதையும் நேராக விற்க வழிசெய்யும் சட்டமும், உரிமங்களைக் குவிப்பதைத் தடுக்கும் வரம்பும் இல்லாதவரை, மண்ணுக்கு இவ்வளவு நன்மை செய்யும் இம்முறை அம்மலைகளில் நிலைத்து நிற்பது அரிது.