கரண்ட் போனால் பவளத்துக்கு என்ன ஆகும்? – ஒரு சின்ன வரலாறு

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து அதில் உயிருள்ள பவளம் வளர்ப்பவர்களிடம் "எதற்கு அதிகம் பயப்படுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: கரண்ட் கட். நோய், ஒட்டுண்ணி எல்லாம் அப்புறம்தான். பம்ப் நின்றால் சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்துவிடும். இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், இந்த ஆபத்தும் சரி, அதற்கான முதலுதவியும் சரி, மின்சாரம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டவை. கதை 1846இல் தொடங்குகிறது.

அந்த வருடம் அன்னா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள டார்க்கீ என்ற ஊருக்குப் போயிருந்தார். அவர் கணவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயில் பெரிய பதவியில் இருந்த பாதிரியார். கரையோரப் பாறைகளில் இருந்த சின்னச் சின்ன பவளங்கள் அந்த அம்மாவுக்குப் பிடித்துப்போயின. அவற்றை ஊசி நூலால் ஒரு ஸ்பாஞ்சில் தைத்து, கடல்நீர் நிறைந்த ஜாடியில் போட்டு லண்டனுக்கே கொண்டுவந்துவிட்டார். (இவை குளிர்ந்த கடலில் தனித்தனியாக வளரும் பவளங்கள். வெப்பக் கடலில் திட்டு திட்டாகக் கட்டும் இனம் அல்ல.)

லண்டனில் கடல் ஏது? முதலில் கடற்கரையிலிருந்து அடிக்கடி புதுத் தண்ணீர் வரவழைத்தார். அது எத்தனை நாள் நடக்கும்? அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பழைய தண்ணீரையே திறந்த ஜன்னல் பக்கம் வைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றுவது. நம் ஊரில் டீ ஆற்றுகிறார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி! ஒவ்வொரு முறையும் அரை மணி, முக்கால் மணி நேரம். 1847இல் கடல்பாசியையும் சேர்த்தார். பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன. அந்தக் குறிப்புகள் 1859இல் ஓர் அறிவியல் இதழில் வெளியாயின.

ஆனால் தண்ணீரை ஆற்றியது அன்னா தின் இல்லை. வீட்டு வேலைக்கு இருந்த ஒரு சின்னப் பெண். அவளுக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது என்று எஜமானி எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று யாரும் எழுதவில்லை. அவள் பெயரும் அதில் இல்லை. இன்று ஒவ்வொரு பவளத் தொட்டியிலும் ஓடும் பம்ப் செய்வது அவள் கைகள் செய்த வேலையைத்தான்.

ஏன் ஆற்ற வேண்டும்? தண்ணீருக்குள் பிராணவாயு பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகத்தான் நுழைகிறது. மேற்பரப்பு அசையாமல் இருந்தால் அடியில் இருப்பவை மூச்சுத் திணறும். 25 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.2 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். அதே சூட்டில் கடல்நீர் சுமார் 6.7தான். சூடு ஏறினால் இன்னும் குறையும். இரவில் நிலைமை மோசம். பகலில் பிராணவாயு தரும் பாசிகள், பவளத்துக்குள்ளேயே வாழும் நுண்பாசிகள் உட்பட, இருட்டில் அதையே எடுத்துக்கொள்ளும்.

1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் செடியும் மீனும் நத்தையும் ஒன்றையொன்று காப்பாற்றும் என்ற சமநிலைக் கருத்தை எழுதினார். 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் கூடம் திறந்தது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் வந்தது. உப்புகளைக் கலந்து கடல்நீர் செய்யும் முறையையும் அதே வருடம் அவர் வெளியிட்டார். அவ்வளவுதான், வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி மோகம்! ஆனால் சமநிலை என்பது சொல்வதற்கு எளிது. ஒரு உயிர் செத்து அழுகினால் போதும், சின்னத் தொட்டியின் தண்ணீர் முழுக்க கெட்டுவிடும். பலர் வெறுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

இதற்கு விடை கண்டவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு. 1864இல் ஹாம்பர்க்கிலும், 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் திறந்த காட்சியகங்களில் அவர் கை இருந்தது. காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தை அடியில் இருட்டில் வைத்து, நீராவி பம்ப்களால் தண்ணீரைச் சுற்றவிட்டார். மேலே ஏதாவது கெட்டாலும் அவ்வளவு பெரிய நீரில் அது கரைந்து வலுவிழந்துவிடும். இன்று வீட்டுத் தொட்டிகளுக்குக் கீழே வைக்கிறார்களே 'சம்ப்', அது இதே யோசனைதான்.

அடுத்த நூற்றாண்டில் இரண்டு பாதைகள். 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிர்கள் ஒட்டிய பாறைகளையும் மெல்லிய காற்றுக் குமிழிகளையும் மட்டும் வைத்தே கடல் தொட்டியைப் பராமரிக்கலாம் என்று ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். பிற்பாடு பெர்லின்காரர்கள் அதே பாறையோடு பலமான விளக்கும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் சேர்த்தார்கள். 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைகள் அமெரிக்க வீடுகளுக்குள் பவளத் தொட்டியைக் கொண்டுபோயின.

அதுவரை வீட்டில் வளர்க்கவே முடியாது என்றிருந்த பவளங்கள் வளர ஆரம்பித்தன. ஆனால் விலை? தொட்டி முழுக்க முழுக்க மின்சாரத்தை நம்பியதாகிவிட்டது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் தாக்கியபோது நியூ ஆர்லியன்ஸ் மீன் காட்சியகத்தில் நடந்தது இதற்குப் பெரிய உதாரணம். கட்டடம் தாக்குப்பிடித்தது. பெங்குவின்கள் பிழைத்தன. ஜெனரேட்டர் நின்றதால் பெரும்பாலான மீன்கள் இறந்தன. 2006 மே மாதம்தான் மறுபடி திறந்தார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி என்றால் வீட்டுத் தொட்டி எம்மாத்திரம்?

அதனால் அனுபவசாலிகள் சொல்லும் அவசர விதிகளைப் பார்த்தால் பழைய வரலாறே திரும்புவது தெரியும்.

ஒன்று, கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப். அதுவும் இல்லையா? ஒரு குவளையை எடுத்து, தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து மறுபடி தொட்டியிலேயே ஊற்ற வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை. 1847இன் லண்டன் ஜன்னலேதான்!

இரண்டு, தீனி போடக் கூடாது. சாப்பிடாத தீனி அழுகும். அழுகல் மீதிப் பிராணவாயுவையும் தின்னும்.

மூன்று, மூடிய வடிகட்டிக்குள் மணிக்கணக்கில் தேங்கிய தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் விடக் கூடாது. உள்ளே கெட்டுப்போயிருக்கும். கொட்டிவிட்டு, கழுவி, பிறகு ஓட்ட வேண்டும்.

நான்கு, ஏதாவது செத்துத் தண்ணீர் கெட்டால், தயாராக வைத்திருக்கும் புது உப்பு நீரால் மாற்ற வேண்டும். லாய்டின் நீர்த்தேக்கம், பக்கெட் அளவில்.

ஐந்தாவது மனிதர்களுக்கு. சோவாந்தஸ், பாலிதோவா என்ற வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஹவாயில் கிடைத்த உயிரிலிருந்து 1971இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்தப் பாறையைச் சுத்தம் செய்வதாக நினைத்து கொதிக்க வைத்தால் நஞ்சு ஆவியோடு வீடு முழுக்கப் பரவும். 2018இல் இங்கிலாந்தில் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பத்தினரும், உதவ வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. இதில் முதலில் வெளியேற வேண்டியது மனிதர்கள். தொட்டி அப்புறம்.

கணக்குப் பார்த்தால், விளக்கு, ஸ்கிம்மர், கன்ட்ரோலர் எல்லாம் பவளத்தை நன்றாக வளர்ப்பதற்குத்தான். கரண்ட் இல்லாத இரவில் அதைச் சாகாமல் வைக்க ஒரு குவளையும், தூங்காமல் மொண்டு ஊற்ற ஓர் ஆளும் போதும். அந்த ஆள் கிடைப்பாரா என்று யோசித்துவிட்டுத்தான் தொட்டி வாங்க வேண்டும். அன்னா தின் வீட்டில் அதற்கென்று ஒரு சிறுமி இருந்தாள். நம் வீட்டில் அந்தச் சிறுமி நாம்தான்.