கூலிங்கிளாஸ் போட்ட நாயும் 63 நாள் கார் பயணமும்

நாயைக் கார்ல கூட்டிட்டுப் போறது எப்படின்னு கேட்டா, "தண்ணி வச்சுக்கோங்க, பழைய பெட்ஷீட்டை விரிச்சுக்கோங்க, கிளம்பறதுக்கு முன்னாடி வயிறு முட்ட சோறு போடாதீங்க"ன்னு சொல்றதுக்கு ஆள் நிறைய இருக்காங்க. எல்லாம் சரியான யோசனைதான். ஆனா இந்தக் காரியத்தை ஆரம்ப காலத்துல செஞ்சவங்க என்ன பாடு பட்டாங்க, அந்த நாய் என்ன பாடு பட்டுச்சுன்னு தேடிப் பாத்தா அதுக்குள்ள ஒரு நல்ல கதை இருக்கு. சரித்திரம்னா ராஜா ராணி கதை மட்டும்தானா என்ன? இன்னிக்கு நம்ம ஹீரோ ஒரு நாய்ங்க :)

முதல்ல காருக்கு முந்தின காலத்தைப் பாத்துடுவோம். இங்கிலாந்துல குதிரை வண்டி ஓடின நாள்ல, டால்மேஷன் நாய்களுக்கு வண்டிக்குள்ள இடமே கிடையாது. வெள்ளை உடம்புல கறுப்புப் புள்ளி வச்ச அதே நாய்தான். வண்டிக்குப் பக்கத்துலயோ, அச்சாணிக்குக் கீழயோ குதிரையோட சேர்ந்து ஓடணும். ராத்திரி குதிரைக்குக் காவல் இருக்கணும். அமெரிக்காவுல தீயணைப்பு வண்டியைக் குதிரை இழுத்த வரைக்கும் அதுக்கு முன்னாடி ஓடி வழி விலக்குனதும் இதே ஜாதிதான். ஆக, எஜமானருக்கு சீட், நாய்க்கு நாலு கால். மோட்டார் வந்ததும் இந்த ஏற்பாடு உடைஞ்சுது. மணிக்கணக்கா ஓடுற எஞ்சினோட எந்த நாய் ஓடும்? தூக்கி உள்ள உட்கார வைக்கிறதைத் தவிர வேற வழி இல்லை.

அப்படி உள்ள ஏறி உலகப் புகழ் வாங்கின நாய் பட்.

1903 மே மாசம். சான் பிரான்சிஸ்கோவுல ஒரு கிளப். அங்க ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன்னு வெர்மான்ட் மாநிலத்து டாக்டர், வயசு 31. கார்ல அமெரிக்காவைக் குறுக்கா கடக்க முடியுமான்னு பேச்சு வருது. "முடியவே முடியாது"ன்னு மத்தவங்க சொல்ல, இவர் 50 டாலர் பந்தயம் கட்டிட்டாரு. இதுல கூத்து என்னன்னா அப்போ அவர்கிட்ட சொந்தமா கார் கிடையாது! 20 குதிரைசக்தி வின்டன் கார் ஒண்ணை வாங்கி, 'வெர்மான்ட்'னு பேர் வச்சு, சூவல் கிராக்கர்ங்கற 22 வயசு மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு மே 23-ம் தேதி கிளம்பியாச்சு.

அந்த வண்டிக்குக் கூரை கிடையாது. முன்பக்கக் கண்ணாடி கிடையாது. ஊருக்கு வெளியில தார் ரோடுங்கற சமாச்சாரமே கிடையாது. பெட்ரோல் பங்க் இல்லாத காலம், மளிகைக் கடையில டின்னு டின்னா வாங்கி ஊத்திக்கணும். இதே பயணத்துக்கு 1901-ல புறப்பட்ட அலெக்சாண்டர் வின்டன், அந்தக் காரைச் செஞ்ச ஆளேதாங்க, நெவாடா மணல்ல சிக்கி பாதியில கைவிட்டிருந்தாரு. அதனால ஜாக்சன் மணல் பக்கமே போகாம வடக்க ஓரிகன் வழியா சுத்திக்கிட்டுப் போனாரு.

ஐடஹோ மாநிலத்துல கால்டுவெல் ஊர்ப்பக்கம்தான் பட் வண்டியில ஏறினது. ஒரு ஆள்கிட்ட 15 டாலர் கொடுத்து வாங்கினேன்னு ஜாக்சன் மனைவிக்கு எழுதின கடிதத்துல இருக்கு. பத்திரிகைக்காரங்க சும்மா இருப்பாங்களா? தெருநாய்னு ஒருத்தர், திருட்டு நாய்னு இன்னொருத்தர், ஆளாளுக்கு ஒரு கதை எழுதினாங்க. பாக்க முரட்டு புல்டாக் முகம், ஆனா சமத்து.

பட்டுக்கு வந்த முதல் கஷ்டம் கண்ணுல. உவர் மண் தூசி. முன்னாடி தடுப்பு எதுவும் இல்லாததால நேரா கண்ணுல அடிக்குது. மனுஷங்க ரெண்டு பேரும் மோட்டார் கண்ணாடி மாட்டிக்கிட்டு ஜம்முன்னு உக்காந்திருக்காங்க, நாய்க்கோ கண்ணு சிவந்து நீர் வழியுது. ஜாக்சன் யோசிச்சாரு. தன் மாதிரியே அதுக்கும் ஒரு கண்ணாடி! அதை மாட்டிக்கிட்டு முன் சீட்டுல பட் உக்காந்திருக்கிற போட்டோவைப் பாத்தா யாருக்கும் சிரிப்பு வந்துடும். எனக்கு சிரிப்பு அடங்கினதும் வேற ஒண்ணு தோணுச்சு. நாய் வாயைத் திறந்து "கண்ணு எரியுது"ன்னு சொல்லாது. ஒரு ஆள் திரும்பிப் பாத்து, எனக்கு எரியறது அதுக்கும் எரியும்னு நினைச்சிருக்காரு. நாயோட கார் பயணத்துக்கு அடிப்படைப் பாடமே இவ்ளோதாங்க.

ரெண்டாவது கஷ்டம் குலுக்கல். இதுக்கு மருந்தை பட்டே கண்டுபிடிச்சுக்கிச்சு. ரோட்டையே முறைச்சுப் பாத்துக்கிட்டு வந்து, பள்ளம் வர்றதுக்கு முன்னாடியே உடம்பை இறுக்கி ஊணி நிக்கப் பழகிடுச்சு. காரணம் சுலபம். காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு 'ஆடறோம்'னு சொல்லும்போது கண்ணு 'ஆடலையே'ன்னு சொன்னா, நமக்குக் குமட்டற மாதிரியே நாய்க்கும் குமட்டும். வழி தெரிஞ்சா ரெண்டும் ஒத்துப்போகும். குட்டி நாய்களுக்கு இந்தத் தொல்லை ஜாஸ்தி, வளர வளர பலதுக்குக் குறைஞ்சுடும். எங்க வீட்டு மணி ஏற்காடு ஏறும்போது மூணாவது கொண்டை ஊசி வளைவுலயே எச்சில் ஒழுக ஆரம்பிச்சுடுவான். வண்டியை ஓரங்கட்டி பத்து நிமிஷம் நடத்திக் கூட்டிட்டு வந்தா சரியாகும். நாய்களோட வாந்திக்குன்னே மரோபிட்டன்ட்ங்கற மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது 2007-ல. பட் போய் 104 வருஷம் கழிச்சு! (டாக்டரைக் கேக்காம எதையும் கொடுக்காதீங்க சாமி.)

மூணாவது, தண்ணி. வழியில கெட்ட தண்ணியைக் குடிச்சு பட் படுத்துடுச்சு. நல்லவேளை பிழைச்சுது. வீட்டுத் தண்ணியை பாட்டில்ல எடுத்துட்டுப் போங்கன்னு இன்னிக்கு சொல்றாங்களே, அது சும்மா இல்லை.

நாலாவதுதான் பெரிசு. நியூயார்க் மாநிலத்துல பஃபலோ தாண்டினதும் எதுலயோ வண்டி மோதி ஜாக்சன், கிராக்கர், பட் மூணு பேரும் வெளிய தூக்கி எறியப்பட்டாங்க. யாருக்கும் பெரிய அடி இல்லைங்கறது அதிர்ஷ்டம். ஜூலை 26-ம் தேதி நியூயார்க் நகரம் போய்ச் சேர்ந்தாங்க. கிட்டத்தட்ட 4,500 மைல், 63 நாள். 50 டாலர் பந்தயத்துக்கு 8,000 டாலர் செலவு! நம்மாளுக்கு வசதி அப்படி.

அன்னிக்கு பெல்ட் மனுஷனுக்கே இல்லை. இன்னிக்கு பிரிட்டன் சாலை விதிக் கையேட்டுல 57-வது விதி, வண்டியில நாயைக் கட்டுப்படுத்தி வைக்கணும்னு சொல்லுது. மார்பைச் சுத்தி மாட்டுற ஹார்னஸ், கூண்டு, நடுவுல தடுப்பு, எதுவோ ஒண்ணு. கழுத்துப்பட்டையில கயிறு கட்டி சீட்டுல முடிச்சு போடாதீங்க. சடன் பிரேக் அடிச்சா மொத்த இழுப்பும் கழுத்துலதான் விழும்.

அடுத்த தாவல் 1960-க்கு. ஜான் ஸ்டைன்பெக் பிக்கப் வண்டி மேல சின்ன வீடு மாதிரி ஒண்ணைக் கட்டி, அதுக்கு டான் கிஹோத்தே குதிரையோட பேரான 'ரொசினான்டே'ன்னு வச்சு, சார்லிங்கற வயசான பூடில் நாயோட அமெரிக்காவைச் சுத்தினாரு. 1962-ல அது 'டிராவல்ஸ் வித் சார்லி'ங்கற புத்தகமா வந்துச்சு, அவருக்கு நோபல் பரிசு கிடைச்சதும் அதே வருஷம். அந்தப் புத்தகத்துல எவ்வளவு நிஜம், எவ்வளவு கற்பனைன்னு பின்னாடி பெரிய விவாதமே நடந்தது. அது கிடக்கட்டும். புத்தகப்படி சார்லிக்குப் புராஸ்டேட் கோளாறு, மூத்திரம் போறதே அவஸ்தை. வழியில மிருக வைத்தியரைத் தேட வேண்டியதாச்சு. நயாகராவுல கனடாவுக்குள்ள போகப் பாத்தா, வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சான்றிதழ் இல்லை. இல்லாம போனா திரும்பி அமெரிக்காவுக்குள்ள விட மாட்டாங்கன்னு சொல்ல, வண்டியைத் திருப்பிட்டாரு. பட் காலத்துல தூசி பிரச்சினை, சார்லி காலத்துல காகிதம் பிரச்சினை!

கவனிச்சீங்களா, கார் மாற மாற நாயோட கஷ்டமும் இடம் மாறுது. கூரை, கண்ணாடி எல்லாம் மனுஷன் வசதிக்காக வந்துச்சு. 1920-கள் முடியறதுக்குள்ள அமெரிக்காவுல பெரும்பாலான கார்கள் மூடின கார்களா ஆயிடுச்சு. தூசி போச்சு, குளிர் போச்சு. ஆனா பட்டுக்கு இல்லாத ஒரு ஆபத்து புதுசா வந்துச்சு: சூடு.

2005-ல ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நிறுத்தின காருக்குள்ள ஒரு மணி நேரத்துல சராசரியா 22 டிகிரி செல்சியஸ் ஏறுது. அதுல 80 சதவீதம் முதல் அரை மணியிலயே. வெளிய இதமா 22 டிகிரி இருந்த நாள்லகூட உள்ள 47-ஐத் தொட்டிருக்கு. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வச்சாலும் பெரிய பலன் இல்லை. நாய்க்கு நம்ம மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு இரைச்சுதான் சூட்டைத் தள்ளணும். சுத்தி இருக்கிற காத்தே கொதிச்சா எங்க தள்ளும்?

ஒரு சித்திரை வெயில்ல, ஜவுளிக்கடை பார்க்கிங்ல பூட்டின காருக்குள்ள ஒரு பாமரேனியன் சீட்டுல சரிஞ்சு கிடந்ததை நானே பாத்தேன். ஜன்னல் ரெண்டு விரக்கடை இறக்கித்தான் இருந்துச்சு. வாட்ச்மேன் அண்ணன் ஓடிப்போய் மைக்ல வண்டி நம்பரைச் சொல்ல வச்சாரு. வண்டிக்காரர் வந்து சேர பத்து நிமிஷம். தண்ணியில நனைச்ச துண்டைச் சுத்தி நேரா டாக்டர்கிட்ட கொண்டு போனாங்க, பிழைச்சுது. "அஞ்சு நிமிஷம்தானேன்னு நினைச்சேன்"னு அவர் சொன்ன குரல் இன்னும் காதுல இருக்கு. நாய் மேல பாசம் இல்லாத ஆள் இல்லை அவரு. இப்படி அடைபட்ட பிராணியைக் காப்பாத்த காரை உடைக்கிற பொதுமக்களுக்கு 2015-ல டென்னசி மாநிலம் சட்டப் பாதுகாப்பே கொடுத்துச்சு.

கண்ணாடி, ஹார்னஸ், மருந்து, ஏசி எல்லாமே அப்புறம் வாங்கிக்கலாம். காசு கொடுத்து வாங்க முடியாதது, ஜாக்சன் மாதிரி பக்கத்து சீட்டைத் திரும்பிப் பாக்கிற பழக்கம்தான். அடுத்த தடவை வண்டி எடுக்கும்போது ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நிறுத்துங்க. இறங்கும்போது நாயையும் இறக்குங்க.

கொசுறு: கண்டத்தையே கார்ல கடந்த ஜாக்சனுக்குச் சொந்த ஊரான பர்லிங்டன்ல அதே வருஷம் அபராதம் போட்டாங்க. என்ன குற்றம்? மணிக்கு 6 மைலுக்கு மேல வேகமா ஓட்டிட்டாராம்! வண்டியை 1944-ல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துட்டாரு. பட்டோட கண்ணாடியும் அங்கதான் இருக்கு. பட் மட்டும் மியூசியம் போகலை. வெர்மான்ட்ல டாக்டர் வீட்டு நாயா நிம்மதியா காலத்தைக் கழிச்சுது :)