பாதிச் சம்பளத்தில் ஒரு குவிமாடம்

உங்கள் ஆபீஸில் திடீரென்று இப்படி ஒரு உத்தரவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எடுத்த வேலையை முடிக்கும்வரை இனி பாதிச் சம்பளம்தான். மீதி, முடித்த பிறகு!' என்ன செய்வீர்கள்? யூனியனுக்கு ஓடுவீர்கள். இல்லையென்றால் மறுநாளே வேறு வேலை தேடுவீர்கள்.

1697-ல் லண்டனில் 64 வயதுப் பெரியவர் ஒருவருக்கு இந்த உத்தரவு வந்தது. போட்டது சாதாரண முதலாளி இல்லை, இங்கிலாந்து பார்லிமென்ட்! ஆண்டுச் சம்பளம் 200 பவுன்டு. அதில் 100 கட். பெரியவர் வேலையை விடவில்லை. அவர் பெயர் கிறிஸ்டோபர் ரென்.

வேடிக்கை என்னவென்றால், ரென் கட்டடக்கலை படித்தவரே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் வானவியல் பேராசிரியர். நாயின் ரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்திப் பரிசோதனை செய்தவர். நிலாவைப் பார்த்துப் பார்த்து அதற்கொரு மாடல் செய்து மன்னர் இரண்டாம் சார்லஸிடம் கொடுத்தவர். அவரைக் கட்டட வேலைக்கு முழுசாக இழுத்துவிட்டது ஒரு தீ.

1666 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பே, புட்டிங் லேன் என்ற சந்தில் இருந்த ஒரு பேக்கரியில் தீப்பிடித்தது. எல்லாம் மர வீடுகள். கேட்க வேண்டுமா? நாலு நாளில் சுமார் 13,200 வீடுகளும் 87 சர்ச்சுகளும் சாம்பல். பழைய செயின்ட் பால்ஸ் தேவாலயமும் போச்சு.

புகை அடங்கிச் சில நாட்களுக்குள் ரென் ஒரு பிளானோடு மன்னர் முன்னால் நின்றார். அகலமான, நேரான வீதிகள். அவை வந்து கூடும் சதுக்கங்கள். மன்னருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால், வீடு எரிந்தாலும் மனை எரியவில்லையே! 'என் இடம் எனக்கு' என்று அவரவர் பழைய எல்லையிலேயே கட்ட ஆரம்பித்தார்கள். ஊரையே விலைக்கு வாங்கிப் பிரித்துக் கொடுக்க அரசாங்கத்திடம் காசும் இல்லை. பிளான் பேப்பரோடு நின்றது.

சரி, வீதிதான் கிடைக்கவில்லை, வானமாவது கிடைக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ! ஐம்பதுக்கும் மேற்பட்ட சர்ச்சுகள் ரென்னின் மேற்பார்வையில் எழுந்தன. ஸ்பிரிங் பற்றிய விதிக்காக நாம் பள்ளியில் படித்தோமே, அந்த ராபர்ட் ஹூக் இதில் அவருக்கு வலது கை. பணம்? லண்டனுக்கு வரும் நிலக்கரிக்கு வரி போட்டார்கள். அடுப்பு எரிய எரிய சர்ச் வளர்ந்தது!

அடுத்தது செயின்ட் பால்ஸ். ரென் ஆசை ஆசையாக ஆளுயரத்தையும் தாண்டிய மர மாடல் ஒன்று செய்துகாட்டினார். பாதிரியார்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். 'இது சர்ச் மாதிரியே இல்லையே!' ரென் அழுதேவிட்டார் என்று சொல்வார்கள். அப்புறம் அவர்கள் கேட்ட மாதிரியே இன்னொன்று வரைந்து கொடுத்து 1675-ல் மன்னரிடம் அனுமதி வாங்கினார். கூடவே, கட்டும்போது சின்னச் சின்ன மாற்றங்கள் செய்துகொள்ளலாம் என்ற சலுகையும் கிடைத்தது. போதாதா? அவர் செய்த 'சின்ன' மாற்றங்களுக்குப் பிறகு, எழுந்த கட்டடத்துக்கும் அந்த வரைபடத்துக்கும் சம்பந்தமே இல்லை!

குவிமாடத்தில்தான் பெரிய வித்தை. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது ஒரு குவிமாடம். தேம்ஸ் நதியிலிருந்து தெரிவது அதைவிட உயரமான வேறொன்று. இரண்டுக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாமல் செங்கல்லால் ஒரு கூம்பு. உச்சியில் இருக்கும் சுமார் 850 டன் கல் மண்டபத்தைத் தாங்குவது அந்தக் கூம்புதான்.

வேலை இழுத்துக்கொண்டே போனதில்தான் பார்லிமென்ட்டுக்குக் கோபம். பாதிச் சம்பளம் நிறுத்தினால் ஆள் சுறுசுறுப்பாவார் என்று கணக்கு. அந்தச் சம்பளத்துக்காக ரென், வயதான காலத்தில் கூடையில் உட்கார்ந்து கயிற்றில் மேலே போய் வேலையைப் பார்த்தார். 1708-ல் உச்சியின் கடைசிக் கல்லை வைத்தது அவருடைய மகன். அடிக்கல் நாட்டிய அதே 1675-ல் பிறந்த பிள்ளை! கீழே நின்ற அப்பாவுக்கு வயது 76.

1711-ல் 'வேலை முடிந்தது' என்று பார்லிமென்ட் ஒப்புக்கொள்ள, அரியர்ஸ் கைக்கு வந்தது. வருடம் 100 பவுன்டு வீதம் சுமார் 14 வருடப் பாக்கி. பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு உடனே வட்டிக் கணக்குதான் ஓடுகிறது.

அதோடு விட்டார்களா? 49 வருடம் அரசாங்கக் கட்டடங்களுக்குத் தலைமை வகித்தவரை 1718-ல், 85 வயதில், வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் வில்லியம் பென்சன். அரசியல் செல்வாக்கில் வந்தவர். நன்றாக இருந்த பிரபுக்கள் சபைக் கட்டடத்தைப் பார்த்து 'இடிந்து விழப்போகிறது' என்று பீதி கிளப்பி, மறு வருடமே பதவியை இழந்தார்.

ரென் 1723-ல், 90 வயதில் காலமானார். செயின்ட் பால்ஸின் நிலவறையில்தான் அடக்கம் செய்தார்கள். மேலே சிலை கிடையாது. லத்தீனில் ஒரு கல்வெட்டு மட்டும். நினைவுச் சின்னத்தைத் தேடினால் சுற்றிப் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம்.

1940 டிசம்பர் 29 இரவு, ஹிட்லரின் விமானங்கள் குண்டு மழை பொழிந்து சுற்றுவட்டாரமே எரிந்தபோது, புகைக்கு நடுவே அந்தக் குவிமாடம் அப்படியே நின்றது. தீயணைக்கும் தொண்டர்கள் இரவெல்லாம் கூரையிலேயே காவல் கிடந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாதிச் சம்பளக் கதை தெரிந்திருக்கும்?