ஓணானின் பெயர்

வேலிக்கம்பத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்த ஓணானைக் காட்டி, "அப்பிச்சி, இது ரத்தம் உறிஞ்சுமாமே?" என்று பேரன் கேட்டான். அறுபது வருடத்துக்கு முன் நானும் இதைத்தான் நம்பினேன். ஓணான் பார்த்தால் தொப்புளைக் கையால் மூடிக்கொள்வோம். ராமருக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரத்தைக் கொடுத்தது என்று ஒரு கதை வேறு. அந்தக் கதையின் பேரில் கிளுவை வேலிகளில் சுருக்குப் போட்டு எத்தனை ஓணான்களைக் கொன்றோம் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வெள்ளைக்காரர்களும் இதற்கு 'ரத்தம் உறிஞ்சி' என்றே பெயர் வைத்தார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் கழுத்தும் சிவந்துவிடும், அவ்வளவுதான் காரணம். தின்பது பெரும்பாலும் பூச்சி, எறும்பு.

நம் பழைய ஆட்கள் இதைக் கொல்லவில்லை, சகுனம் பார்த்தார்கள். குறுந்தொகையின் 140ஆம் பாட்டில், பாலை வழியில் போகிறவர்கள் ஆண் ஓணானைப் பார்த்து நிமித்தம் கொள்வதாக வருகிறது. அங்கே அதன் பெயர் 'ஓதி'. பாடியவர் அள்ளூர் நன்முல்லை. முதுகின் முள்வரிசையை ரம்பத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். பக்கத்தில் நின்று பார்க்காமல் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

அறிவியல் பெயர் வைத்தவர் கதை வேறு மாதிரி. பாரிஸில் பிரான்சுவா மரி தொதான் என்று ஒருவர். சிறுவயது நோயால் இரண்டு கால்களும் செயலிழந்தவர். ஊர்வன பற்றி எட்டுத் தொகுதிகள் எழுதினார், மனைவி அடேல் படம் வரைந்து கொடுத்தார். புத்தகம் விற்கவில்லை, வறுமை. முப்பது வயதைக்கூட எட்டாமல் இறந்துபோனார். அவர்தான் 1802இல் நம் ஓணானுக்கு 'வெர்சிகலர்', அதாவது நிறம் மாறுவது, என்று பெயரிட்டார்.

அவர் பார்த்த மாதிரி உடல் பிறகு தொலைந்துவிட்டது. ஈரான் முதல் தென்கிழக்கு ஆசியா வரை எல்லா ஓணானையும் இந்த ஒரே பெயரில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். 2021இல் மரபணுவைச் சோதித்தபோது அது ஒரே இனமில்லை, பல இனங்கள் என்று தெரிந்தது. பெயர் யாருக்கு என்று முடிவு செய்ய ஒரு மாதிரி வேண்டுமே? புதுச்சேரியில் பிடித்த ஓணானைப் புதிய மாதிரியாக வைத்தார்கள். ஆக, தொதான் வைத்த பெயர் தென்னிந்திய ஓணானுக்கே நின்றது. எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம்.

இதன் காட்டுச் சொந்தங்கள் நமக்குத் தெற்கே ஆனைமலையில் இருக்கின்றன. சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக இருந்த பெட்டோம் 1878இல் அங்கிருந்து ஒரு முள்முதுகு ஓணானை விவரித்தார். குளிர்ந்த சோலைக்காட்டு மரங்களை விட்டு அது கீழே சமவெளிக்கு இறங்குவதில்லை. சோலை போனால் அதுவும் போயிற்று. அதே மலைகளில், நீண்ட விலா எலும்புகள் தாங்கும் சவ்வை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகும் பறக்கும் ஓணானும் உண்டு. அதன் பெயர் துஸ்சுமியே என்ற பிரெஞ்சு வணிகரின் நினைவாக வந்தது.

இந்த அருள்புரத்து வேலி ஓணானுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கிளுவை வேலி போய்க் காம்பவுண்டுச் சுவர் வந்தபிறகும், பக்கத்து பனியன் கம்பெனி வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பேரனிடம் தொதான் கதையைச் சொன்னேன். "கால் இல்லாம எப்படி அப்பிச்சி ஓணான் புடிச்சாரு?" என்றான். பிடிக்கவில்லை, யாரோ பிடித்து அனுப்பியதைப் பார்த்து எழுதினார் என்றேன். தொப்புளிலிருந்து கையை எடுத்துவிட்டு, வேலிப்பக்கம் இரண்டடி நகர்ந்து போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.