வானை அளந்த கோலும் மண்ணைத் தொடாத கம்பியும்

வானிலையை அளக்கும் கருவிகளுள் பெரும்பாலானவை அமைதியானவை. மழைமானி பெய்த நீரை ஏற்று நிற்கிறது. வெப்பமானி தன் நிழற்கூண்டுக்குள் இருந்தவாறே காற்றின் வெம்மையைக் கூறுகிறது. இவற்றால் ஆராய்வோர்க்குக் கேடு இல்லை. ஆனால், உயர்ந்த கம்பமொன்றை வெட்டவெளியில் நிறுத்தி, அதிலிருந்து உலோகக் கம்பியொன்றை மனிதன் அமர்ந்திருக்கும் அறைக்குள் கொண்டுவந்த நாளில் புதியதொரு சிக்கல் பிறந்தது. அக்கம்பி வானத்தின் செய்தியை மட்டும் கொண்டுவருமா, வானத்தின் இடியையும் உடன் கொண்டுவருமா? இவ்வினாவிற்குரிய விடை 1753ஆம் ஆண்டில், ரஷ்யத் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஓர் அறிஞரின் உயிரை விலையாகக் கொண்டு கிடைத்தது.

அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1750இல், பிலடெல்பியாவில் வாழ்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் ஓர் ஆய்வுத் திட்டத்தை வகுத்திருந்தார். உயர்ந்த கோபுரத்தின் மேல் காவற்கூண்டு போன்ற சிற்றறை ஒன்று; அதிலிருந்து மேல்நோக்கி நீளும் கூரிய இரும்புக்கோல்; மின்கடத்தாப் பீடத்தின்மேல் நிற்கும் மனிதன். முகில்களில் உள்ளது மின்சாரந்தானா என்பதை இவ்வாறு அறியலாம் என்றார் அவர். பீடத்தின்மேல் நிற்பதற்கு அஞ்சுவோர்க்கு அவர் வேறொரு வழியையும் கூறியிருந்தார். கூரையின் ஈயத்தகட்டோடு ஒரு முனை இணைக்கப்பட்ட கம்பியை மெழுகுக் கைப்பிடியால் பற்றி, அதன் மறுமுனையைக் கோலுக்கு அருகே கொண்டுசென்றால், பொறி கோலிலிருந்து கம்பிக்குத் தாவுமேயன்றி மனிதனைத் தீண்டாது. இச்சிறு குறிப்பைப் படிப்போர் எளிதில் கடந்துவிடுவர். எனினும், பின்னர் நிகழ்ந்த அனைத்திற்கும் திறவுகோல் இதுவே என்பது என் கருத்து.

1752ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், பிரான்சு நாட்டு மார்லி என்னும் சிற்றூரில் தலிபார் என்பவர் நிறுத்திய நாற்பதடிக் கோலிலிருந்து முதன்முதலாக இடிமுகிலின் மின்பொறி எடுக்கப்பட்டது. ஐரோப்பிய அறிஞருலகம் களிப்பில் ஆழ்ந்தது.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியற்கழகத்தைச் சேர்ந்த கியோர்க் வில்ஹெல்ம் ரிச்மன் இச்செய்தியோடு நிறைவடையவில்லை. மின்சாரம் உண்டா இல்லையா என்பதோடு நில்லாமல், எவ்வளவு உண்டு என்று அளக்க விரும்பினார் அவர். தம் வீட்டுக் கூரையின்மேல் இரும்புக்கோலை நட்டு, அது கூரையைத் தொடாதவாறு கண்ணாடியால் காத்து, அதிலிருந்து கம்பியை அறைக்குள் இறக்கினார். கம்பியின் முனையில் நிமிர்ந்து நின்ற உலோகச் சட்டத்தில் ஒரு நூல் தொங்கியது. மின்னேற்றம் மிகமிக அந்நூல் சட்டத்தினின்று விலகும். விலகிய கோணத்தைப் பாகை குறித்த கால்வட்டம் காட்டும். இடிமுகிலின் ஆற்றலை எண்ணால் குறிக்கும் கருவி ஒன்று உலகிற்குக் கிடைத்துவிட்டது.

1753ஆம் ஆண்டு, அந்நாளைய ரஷ்ய நாட்காட்டியின்படி சூலை 26 (இன்றைய கணக்கில் ஆகஸ்டு 6) அன்று, கழகக் கூட்டத்தில் இருந்த ரிச்மன் தொலைவில் இடியோசை கேட்டு வீட்டிற்கு விரைந்தார். காண்பதை ஓவியமாக்கும்பொருட்டுச் சொக்கோலோவ் என்னும் செதுக்கோவியரையும் உடன் அழைத்துச் சென்றார். அளவையைப் பார்ப்பதற்காக அவர் கருவிக்கு ஏறத்தாழ ஓரடி தொலைவில் நின்றபோது, நீலநிறத் தீப்பந்து ஒன்று அவர் நெற்றியை நோக்கிப் பாய்ந்ததைச் சொக்கோலோவ் கண்டார். துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசை எழுந்தது. ரிச்மன் அந்த இடத்திலேயே மாண்டார். நெற்றியில் ஒரு சிவந்த தழும்பு இருந்தது. இடக்காலின் காலணி கிழிந்திருந்தது. மின்சாரம் தலைவழி நுழைந்து கால்வழி மண்ணை அடைந்த பாதை அது. பட்டம் விட்டபோது அவர் இறந்தார் எனச் சில நூல்கள் எழுதுகின்றன, அது பிழை.

அதே வேளையில் தம் இல்லத்தில் அத்தகைய கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார் அவருடைய நண்பர் லோமனோசோவ். உணவு ஆறுகிறது என்று மனைவி அழைக்கவே உண்ண அமர்ந்தார்; சிறிது நேரத்தில் ரிச்மன் வீட்டுப் பணியாள் அழுதவாறு ஓடிவந்தான். அன்றே லோமனோசோவ் தம் புரவலராகிய சுவாலோவுக்கு மடல் எழுதினார். நண்பரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்வுக்கு வழிசெய்ய வேண்டும் என்பதும், இச்சாவைக் காட்டி அறிவியல் வளர்ச்சியை எவரும் பழிக்க இடந்தரலாகாது என்பதும் அம்மடலின் வேண்டுகோள்கள்.

ரிச்மன் துணிச்சலால் அழிந்தார் என்று கூறிவிடுவது எளிது. அவர்முன் நின்ற இடர்ப்பாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கம்பியை மண்ணோடு பிணைத்துவிட்டால் மின்சாரம் முழுவதும் இறங்கிவிடும், நூல் அசையாது, அளவை இல்லை. பிணைக்காது விட்டால் அளவை கிடைக்கும். ஆனால் பேரிடி வரும்போது, அதற்கு மண்ணை அடையும் வழியாக அருகே நிற்கும் மனிதனே அமைவான். அளப்பதும் காப்பதும் ஒன்றற்கொன்று பகையாய் நின்றன.

இப்பகையைத் தீர்க்கும் வழி ஏற்கெனவே பிலடெல்பியாவில் ஒலித்துக்கொண்டிருந்தது. 1752 செப்டம்பரில் பிராங்க்ளின் தம் வீட்டின்மேல் நிறுவிய கோலின் கம்பி, மாடிப்படி வழியே இறங்கி நீரேற்றியின் இரும்புத்தண்டு வழியாக மண்ணோடு இணைந்தது. இடையில் அக்கம்பியை அறுத்து, ஆறங்குல இடைவெளி விட்டு, இரு முனைகளிலும் மணிகளைப் பொருத்தி, நடுவே பட்டுநூலில் ஒரு பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டார். முகிலில் மின்சாரம் மிகும்போது குண்டு ஊசலாடி மணிகளை ஒலிக்கும். மேலும் மிகுந்தால் மின்சாரமே அவ்விடைவெளியைத் தாவி மண்ணுக்குள் இறங்கிவிடும். செய்தியும் கிடைத்தது, ஆளும் பிழைத்தார். ஆயினும் இதனை விளக்கி அவர் இலண்டனுக்கு எழுதிய மடலின் காலம் 1753 செப்டம்பர். ரிச்மன் இறந்து ஒரு மாதம் கடந்திருந்தது.

அந்தச் சிறு இடைவெளி பின்னர் நெடுவழி நடந்தது. தந்திக்கம்பிகள் ஊர்தோறும் நீண்டபோது இடி நிலையங்களுக்குள் புகுந்து கருவிகளை எரித்தது. தந்திக்கம்பியோடு இணைந்த ஒரு தகட்டையும் மண்ணோடு இணைந்த ஒரு தகட்டையும் மயிரிழை இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தி அதனைத் தடுத்தனர். செய்தி செல்லும் சிறு மின்னழுத்தம் அவ்விடைவெளியைத் தாவாது. இடியின் பேரழுத்தம் தாவும். அத்தகடுகளை வளி அடைத்த சிறு குழாய்க்குள் வைத்ததே இக்கால மின்னெழுச்சித் தடுப்பான்களுள் ஒருவகை.

மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலும் சிங்கப்பூரிலும் ஆண்டின் ஏறத்தாழப் பாதி நாள்களில் இடி முழங்குகிறது. இங்கே வெளியில் நிறுவப்படும் வானிலைக் கம்பங்களைக் கூர்ந்து நோக்கும் மாணவர், ரிச்மனின் இடர்ப்பாட்டையும் பிராங்க்ளினின் விடையையும் ஒருங்கே காணலாம். கம்பம், மின்பணியாளர் எர்த் கம்பி எனக் கூறும் தடித்த செப்புக்கம்பியால் நேரே மண்ணோடு பிணைக்கப்படுகிறது. அளவையைக் கொண்டுசெல்லும் மெல்லிய கம்பியை அவ்வாறு பிணைத்தால் அளவையே அழியும்; ஆதலால் அதற்கும் மண்ணுக்கும் இடையே தடுப்பான் வைக்கப்படுகிறது. இவை இரண்டு மட்டும் போதா. இடி இறங்கும் நொடியில் அவ்விடத்து மண்ணின் மின்னழுத்தமே உயர்கிறது. கம்பத்திற்கு ஒரு மண்ணிணைப்பும் கட்டடத்திற்கு வேறொன்றுமாகத் தனித்தனியே இருந்தால், அவ்வேறுபாடு அளவைக் கம்பி வழியே அறைக்குள் ஓடிவரும். எனவே இரண்டையும் மண்ணுக்கடியில் செப்புப்பட்டையால் ஒன்றாக இணைத்துவிடுகின்றனர்.