பாலிடெக்னிக்கில் பிறந்த சினிமாப் படிப்பு



போன சந்திப்புக்கு வந்திருந்தபோது மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார். "அண்ணே, சினிமா கிராபிக்ஸுக்கு டிகிரியே இருக்காமே? என் தம்பி ஒத்தக்கால்ல நிக்கிறான். அப்பா தறியில இருக்காரு, வேணாங்கிறாரு." அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். சரியாகச் சொல்லவில்லையே என்று உறுத்தல். மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டதும் இதையே எழுத உட்கார்ந்தேன்.

நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று. தமிழ்நாட்டில் சினிமாவைப் பாடமாக்கியது கலைக்கல்லூரி அல்ல. 1945-ல் மெட்ராஸ் சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒரு பிரிவாகத்தான் அது தொடங்கியது. புனே இன்ஸ்டிடியூட் வந்தது 1960-ல். ஆக, நம்மைப் போன்ற தொழில்நுட்பக்காரர்கள் வீட்டுப் பிள்ளை அது! பிற்பாடு தரமணியில் தனி நிறுவனமாகி, இன்று எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கிறது.

தந்திரக் காட்சி மட்டும் வெகுகாலம் வகுப்பறைக்கு வரவில்லை. 1957-ல் 'மாயா பஜார்' படத்தில் கடோத்கஜன் முன்னால் பலகாரம் தானாக மறைவதை ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி கேமராவை வைத்தே சாதித்தார். இந்த வித்தையெல்லாம் ஸ்டூடியோவில் கூட நின்று கற்றுக்கொண்டதுதான். 'காதலன்' (1994), 'இந்தியன்' (1996), 'ஜீன்ஸ்' (1998) மூன்றும் தேசிய விருது வாங்கிய கம்ப்யூட்டர் காலத்திலும் பெரும்பாலும் அதே கதைதான்.

தரமணியில் பிலிம் பிராசஸிங் என்று ஒரு பிரிவு இருந்தது. பிலிம் கழுவும் ரசாயனம், பிரிண்டில் நிறம் சரிபார்ப்பது, இதெல்லாம் பாடம். 2013-ல் ஃபியூஜி கம்பெனி சினிமா பிலிம் தயாரிப்பையே நிறுத்தியது. சென்னை லேப்களும் ஒவ்வொன்றாக மூடின. அந்தப் பிரிவு சாகவில்லை, டிஜிட்டல் இன்டர்மீடியட் ஆனது. தொட்டியில் செய்த நிறவேலை இப்போது கம்ப்யூட்டரில்! பக்கத்திலேயே எடிட்டிங், அனிமேஷன் அண்ட் விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவுகள். இவை இன்று நான்காண்டுப் பட்டப்படிப்பு, பி.வி.ஏ.

இந்த 'டிகிரி' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். நான் பிளஸ் டூ முடித்த காலத்தில் அங்கே மூன்றாண்டு டிப்ளமோதான். "டிப்ளமோ படிச்சவனுக்கு யாருடா பொண்ணு குடுப்பான்?" என்றார் அப்பா. மெக்கானிக்கல் சேர்ந்தேன். வருத்தமில்லை, கொஞ்சம் உண்டு.

ஆனால் பட்டம் இருந்தால் போதுமா? இத்தொழிலில் நுழைபவருக்குப் பெரும்பாலும் முதல் வேலை ரோட்டோ. நடிகரின் உருவத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக வெட்டி எடுப்பது. நொடிக்கு 24 ஃப்ரேம், ஒரு நிமிஷத்துக்கு 1,440. நம்ம ஊரில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் புட்டா வரைந்து, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுவார்களே, அந்தப் பொறுமை வேண்டும். கூலிக் கதையும் அதேதான். 2013 பிப்ரவரியில் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்குப் புலி செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் கம்பெனி திவால் மனு கொடுத்தது. அதே மாதம் அந்தப் புலிக்கு ஆஸ்கர்! 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் மூடியபோது பெங்களூர்ப் பிள்ளைகளும் வேலையிழந்தார்கள். ஆகவே அந்த அப்பா பயப்படுவதில் தப்பில்லை. சேலை யார் கட்டினாலும் நெய்தவர் வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும்.

இருந்தும் தம்பியை அனுப்பலாம் என்றே சொல்வேன். ஆறு மாத சாப்ட்வேர் கோர்ஸுக்கு வேண்டாம். அங்கே பட்டனைத்தான் சொல்லித் தருவார்கள், அடுத்த வெர்ஷனில் பட்டன் இடம் மாறிவிடும். நான்கு வருஷத்தில் வெளிச்சம், லென்ஸ், நிறம் எல்லாம் படியும். கணக்கையும் விடக்கூடாது. நாம் செமஸ்டரோடு மறந்த மேட்ரிக்ஸ்தான் அங்கே உருவத்தைத் திருப்புகிறது. அரசு நிறுவனத்தில் ஒரு பிரிவுக்கு இருபது இடம்கூடக் கிடையாது. கிடைக்கவில்லையென்றால் தனியார் கட்டணம் என்ன, கடன் எவ்வளவு என்று அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டுத்தான் மறுபேச்சு.

அந்த மாணவர் இதைப் படித்தால், இந்த வருஷம் சந்திப்பன்று மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மெக்கானிக்கல் பிளாக் வாசலில்தான் இருப்பேன். தம்பியோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரவும்.